ஆர்டர் வந்து 11 நாள் ஆகிறது, "சரி" சொல்லப் பயமாக இருக்கிறது

காவிரிக்கரை
நவம்பர் 3, 2025, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டிருக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை.

பள்ளிபாளையத்தில் வீட்டிலேயே கைமுறுக்கு, தேன்குழல், எள்ளடை போட்டு விற்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. மாதம் 90 கிலோ வரை போகும், கிலோ 280 ரூபாய். இந்தத் தீபாவளிக்கு ஒருவர் வாங்கிப்போன பொட்டலம், கோவையில் நாலைந்து கிளை வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கொள்முதல் மேலாளர் கைக்குப் போயிருக்கிறது. அக்டோபர் 23 அன்று அவரே கூப்பிட்டார். மாதம் 300 கிலோ வேண்டும், கிலோவுக்கு 230 ரூபாய் தருகிறோம் என்றார். அதையே வாட்ஸ்அப்பிலும் அனுப்பினார்.

இன்றோடு 11 நாள். அந்தச் செய்தியைத் திறக்கிறேன், "சரி சார்" என்று அடிக்கிறேன், அழித்துவிடுகிறேன். நேற்று அவர் மறுபடி கூப்பிட்டார். போன் அடுப்பு மேடையில்தான் இருந்தது. கையெல்லாம் மாவு, எப்படி எடுப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கையில் மாவே இல்லை.

வீட்டில் கேட்டால் காரணம் சொல்ல வருகிறது. ஜிஎஸ்டி வந்துவிடும், வருமான வரி வந்துவிடும், ஆள் வைத்தால் கைப்பக்குவம் போய்விடும், ஊர்க் கண் படும். தோற்றுவிடுவேனோ என்று பயமா என்றும் யோசித்துப் பார்த்தேன். அது இல்லை. ஒரு ஈடு கருகினால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஈடு போடுகிறவள் நான். இது நன்றாக நடந்துவிடுமோ என்றுதான் வயிற்றைப் பிசைகிறது. இப்படி யாருக்காவது இருந்திருக்கிறதா?

களத்துமேடு
நவம்பர் 3, இரவு 11.15

தங்கச்சி, எல்லாரும் "விடாதே, பிடி" என்றுதான் சொல்வார்கள். நான் வேறு சொல்கிறேன். ஆறு மாடு வைத்திருந்தேன், நன்றாகப் போனது. ஆசைப்பட்டு இருபது ஆக்கினேன். தீவனம், ஆள், வைத்தியம் என்று ஓடி, மூன்று வருடத்தில் மறுபடி ஆறுக்கே வந்துவிட்டேன். இப்போது நிம்மதியாக இருக்கிறேன். போதும் என்று சொல்வதைப் பயம் என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். அதுவும் ஒரு முடிவுதான்.

காவிரிக்கரை
நவம்பர் 3, இரவு 11.32

அண்ணா, உங்கள் வார்த்தையை மதிக்கிறேன். போதும் என்று முடிவெடுத்திருந்தால் "வேண்டாம் சார், நன்றி" என்று அன்றைக்கே சொல்லியிருப்பேன். அதையும் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் 11 நாள் தூக்கம் இல்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

கணக்கர்
நவம்பர் 4, காலை 7.05

சகோதரி, வரி வேலை பார்க்கிறவன் நான். முதலில் எண்ணைப் பார்த்துவிடுவோம்.

இப்போது 90 கிலோ × 280 = மாதம் 25,200. புது ஆர்டர் 300 × 230 = 69,000. இரண்டும் சேர்ந்து மாதம் 94,200. வருடத்துக்கு 11,30,400. தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவர்களுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாவது ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான். இந்த ஆர்டரை எடுத்தாலும் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட நீங்கள் எட்டவில்லை. வருமான வரியும் அப்படித்தான். விற்பனையில் மூன்றில் ஒரு பங்கு லாபம் நிற்கிறது என்றே வையுங்கள், 4 லட்சத்துக்குள்தான் வருகிறது. இந்த நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே கிடையாது. அதற்கு மேலே போனாலும் தள்ளுபடி இருப்பதால், வருமானம் 12 லட்சம் வரை கட்ட வேண்டிய வரி பூஜ்யம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் இதில்தான் குழம்புகிறார்கள். கோட்டைத் தாண்டினால் மொத்தப் பணத்துக்கும் கூடுதல் வரி என்று நினைத்து, கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுகிறார்கள். அப்படி இல்லை, ஒவ்வொரு படியிலும் அந்தப் படிக்குள் விழுகிற பணத்துக்கு மட்டும்தான் அந்த விகிதம். 12 லட்சத்தைத் தாண்டும் இடத்தில்கூட, வருமானம் 12,10,000 என்றால் கட்டுவது 10,000 ரூபாயும் அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரியும்தான். அதற்கென்றே தனி நிவாரணம் வைத்திருக்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஜிஎஸ்டி எண் சட்டப்படி தேவையில்லை என்றாலும் சூப்பர் மார்க்கெட்காரர்கள் அதைக் கேட்கலாம். நீங்கள் வழக்கமான பதிவில் இருந்தால்தான் அவர்களுக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைத் தங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் வசதி, கிடைக்கும். பொட்டலம் போட்ட முறுக்கு, மிக்சர் வகைக்கு 12 சதவீதமாக இருந்தது செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம் ஆகிவிட்டது, அதனால் பெரிய சுமை இல்லை. வெளி மாநிலத்துக்கு அனுப்பினால் இந்த 40 லட்சக் கணக்கு செல்லாது, முதல் விற்பனைக்கே பதிவு வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையில் நீங்கள் வைத்திருப்பது அடிப்படைப் பதிவாக இருக்கும். விற்பனை கூடும்போது அதை உரிமமாக மாற்ற வேண்டுமா என்று இப்போதே விசாரித்து வையுங்கள். கடைசியாக, உத்யம் பதிவு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு. ஆன்லைனில் இலவசம். எடுத்துவிட்டால் வாங்குகிறவர், எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள்.

இதற்கு மேலும் பயம் இருந்தால் அது வரிப் பயம் இல்லை. வேறு எங்கேயோ இருக்கிறது.

ஓஎம்ஆர்வாசி
நவம்பர் 4, காலை 9.20

கணக்கர் சாரின் கடைசி வரி என்னை உலுக்கிவிட்டது. நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன், 12 வருட அனுபவம். என் சேமிப்பு 5 லட்சத்தை நெருங்கும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது செலவு வந்துவிடும். விதி என்றுதான் நினைத்திருந்தேன். போன வருடம் உட்கார்ந்து வங்கிக் கணக்கைப் பின்னோக்கிப் பார்த்தேன். நான்கு தடவை. நான்கிலும் செலவைத் தேடிப் போனவள் நான்தான். ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜை மாற்றினேன். அத்தை பெண் கேட்பதற்கு முன்னாலேயே ஒரு லட்சம் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் பணம் வைத்திருந்த ஒரே ஆள் பெரியப்பா. அவரைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றை என் சிறுவயதில் கேட்டதே இல்லை. "கல்நெஞ்சன், காசுதான் அவனுக்கு எல்லாம்" என்பார்கள். கையில் 6 லட்சம் இருந்தால் நானும் பெரியப்பா ஆகிவிடுவேன் என்று எனக்குள்ளே யாரோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள 35 வயது ஆகிவிட்டது.

மேசைவிளக்கு
நவம்பர் 4, மதியம் 1.48

நான் உளவியல் முதுகலை மாணவி. வெற்றியைக் கண்டு வரும் இந்தப் பயத்தை முதன்முதலில் பெரிய அளவில் ஆராய்ந்தவர் மட்டீனா ஹார்னர் என்ற அமெரிக்கர், 1960களின் கடைசியில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். மாணவிகளிடம் ஒரே ஒரு வரியைக் கொடுத்துக் கதையை முடிக்கச் சொன்னார்: முதல் பருவத் தேர்வு முடிந்தது, ஆன் தன் மருத்துவ வகுப்பில் முதலிடம் வந்திருக்கிறாள். மாணவர்களுக்கு அதே வரி, பெயர் மட்டும் ஜான். ஜான் பற்றி எழுதிய ஆண்களில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்கள்தான் கெட்டது நடப்பதாக எழுதினார்கள். ஆன் பற்றி எழுதிய பெண்களில் 65 சதவீதத்துக்கும் மேல். தோழிகள் விலகிப் போகிறார்கள், யாரும் அவளைக் கட்டிக்கொள்ள வரவில்லை, அவளே படிப்பைக் குறைத்துக்கொள்கிறாள், இப்படி.

இதைச் சொல்லி "பெண்களுக்கு இயல்பிலேயே வெற்றி பயம்" என்று முடித்துவிடுவார்கள். அது தவறு. 1974ல் வேறு ஆய்வாளர்கள் ஆண் பிள்ளைகளிடமும் ஆனின் வரியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களும் அவளுக்குக் கெட்டதைத்தான் எழுதினார்கள். அப்படியானால் பயம் பெண்ணின் மனசுக்குள் முளைத்ததில்லை. மேலே போகிற பெண்ணுக்கு ஊர் என்ன செய்யும் என்பதை எல்லாரும் பார்த்து வைத்திருக்கிறார்கள், அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். அக்கா, உங்களிடம் கேட்க நினைப்பது ஒன்றுதான். உங்கள் ஊரில், உங்கள் வீட்டில், மேலே போன ஒருவருக்கு என்ன ஆனது என்று நீங்கள் பார்த்தீர்கள்?

பொருநைக்கரை
நவம்பர் 4, மாலை 6.10

மனிதன் தன் பெரிய வேலையைக் கண்டு ஓடுவதை ஆபிரகாம் மாஸ்லோ என்ற உளவியலாளர் யோனா சிக்கல் என்று அழைத்தார். ஞாயிறு பள்ளிக்குப் போன எல்லாருக்கும் பைபிளில் வரும் யோனாவைத் தெரியும். நினிவே நகருக்குப் போ என்று கடவுளின் கட்டளை, அவரோ தப்பித்து வேறு ஊரான தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினார். தங்கை போனை எடுக்காமல் விட்டதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. யோனா ஒன்றும் கோழை இல்லை, கடலில் என்னைத் தூக்கிப் போடுங்கள் என்று தானே சொன்ன ஆள். இந்த ஒரு வேலைக்கு மட்டும்தான் அவருக்குக் கால் எழும்பவில்லை.

காவிரிக்கரை
நவம்பர் 4, இரவு 11.55

மேசைவிளக்கு கேட்ட கேள்வியோடுதான் இன்று மாலை முழுக்க முறுக்கு சுற்றினேன். பதில் இருக்கிறது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா விசைத்தறி வைத்திருந்தார். நாலு தறியில் ஆரம்பித்தார். நான் மூன்றாவது படிக்கும்போது பன்னிரண்டு. தறிச் சத்தம் இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. ஊரில் அப்பாவை "முதலாளி" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். சித்தப்பா லாரி வாங்கப் பெரிய கடன் எடுத்தார். அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். லாரி ஓடவில்லை, சித்தப்பா ஊரிலேயே இல்லை. கடன் கொடுத்தவர்கள் அப்பாவிடம் வந்தார்கள்.

ஆறாவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளியிலிருந்து வந்தேன், தெருமுனையிலேயே தெரிந்துவிட்டது, சத்தம் இல்லை. பட்டறைக்குள் போனேன். பன்னிரண்டு தறியும் இல்லை. தரையில் தறி நின்ற இடத்தில் எல்லாம் எண்ணெய்க் கறை, ஓரத்தில் பஞ்சுத் தூசி. அப்பா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு பெரியவர் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது: "அளவுக்கு மீறி ஏறினான், விழுந்தான்."

அதன்பிறகு அப்பா கூலிக்குத் தறி ஓட்டினார். இப்போது 71 வயது. அந்தப் பட்டறையில்தான் நான் முறுக்கு போடுகிறேன். ஆறு வருடத்தில் அவர் ஒருதடவைகூட உள்ளே வந்ததில்லை.

ஓய்வு மேலாளர்
நவம்பர் 5, காலை 6.30

அம்மா, வங்கியில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். உங்கள் பதிவைக் காலையில் இரண்டு தடவை படித்தேன்.

அந்தப் பெரியவர் சொன்னது பொய். உங்கள் அப்பா ஏறியதால் விழவில்லை. நாலு தறியைப் பன்னிரண்டு ஆக்கிய கைக்கு எந்தக் குறையும் இல்லை. அவரை விழவைத்தது ஒரு கையெழுத்து. இரண்டையும் ஊர் ஒன்றாகச் சேர்த்துப் பேசியது, பதினோரு வயதுப் பிள்ளை அதை அப்படியே நம்பிவிட்டது.

ஜாமீன் என்பது என்னவென்று கடன் வாங்க வருகிறவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்பார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவு. கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. முதலில் அவனிடம் போய் வசூல் பண்ணு, அப்புறம் என்னிடம் வா என்று சொல்ல முடியாது. உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. கடன் நின்றுபோனால் ஜாமீன்தாரரின் சிபில் மதிப்பெண்ணும் சேர்ந்தே அடிவாங்கும். இது தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்களின் வீட்டு வாசலில் நின்று வசூல் கேட்டவன் நான். அந்த முகங்கள் எனக்கு மறக்கவில்லை.

ஆகவே உங்கள் பயத்தில் பாதி சரியான பயம், அதை விரட்ட வேண்டாம். எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்பதை மட்டும் சரியாக வையுங்கள். 300 கிலோ முறுக்கைக் கண்டு இல்லை, அடுத்தவர் கடன் தாளைக் கண்டு. இரண்டாவது அடுப்பும் மாவு பிசையும் இயந்திரமும் வாங்கப் பணம் வேண்டும் என்றால் சிறு தொழில்களுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடன் இருக்கிறது. சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை, சொத்து அடமானம் இல்லாமல்.

ஒன்று கேட்கட்டுமா? ஆர்டர் வந்த செய்தியை வீட்டில் சொன்னபோது யாராவது கடன் பேச்சு எடுத்தார்களா?

காவிரிக்கரை
நவம்பர் 5, காலை 8.02

சார், எப்படிக் கேட்டீர்கள்? கை நடுங்குகிறது.

ஆர்டர் வந்த அன்று ராத்திரி தம்பி வந்திருந்தான். சந்தோஷப்பட்டான். சாப்பிடும்போது, "அக்கா, நீ பெரிய ஆளாகிட்டே, என் கார் லோனுக்கு நீயே கையெழுத்துப் போட்டுடலாம்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்துதான் போனை எடுக்க முடியவில்லை. இரண்டையும் இத்தனை நாள் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

ஓய்வு மேலாளர்
நவம்பர் 5, காலை 8.40

நல்ல தம்பியாகத்தான் இருப்பான். உங்கள் சித்தப்பாவும் அன்றைக்கு நல்ல தம்பிதான். "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதீர்கள், நம் ஊரில் அதற்கு "சரி" என்று அர்த்தம். "அப்பா போட்ட கையெழுத்தை நாம் இரண்டு பேரும் பார்த்தோம், நான் யாருக்கும் போடுவதில்லை" என்று சொல்லுங்கள். உதவ மனம் இருந்தால், திரும்பி வராவிட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கக்கூடிய ஒரு தொகையைக் கையில் கொடுங்கள். அதோடு முடிந்தது. கையெழுத்துக்கு முடிவே கிடையாது.

கரும்பலகை
நவம்பர் 5, இரவு 9.25

அரசுப் பள்ளி ஆசிரியர் நான். தலைமை ஆசிரியர் பதவி உயர்வை இரண்டு தடவை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று காரணம் சொன்னேன். அம்மா நன்றாகத்தான் இருந்தார். இருபது வருடம் ஒன்றாக டீ குடித்தவர்களிடம் போய் ஏன் தாமதம் என்று கேட்க வேண்டிவருமே என்பதுதான் உண்மை. அவர்கள் அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடும் என்று நினைத்தேன்.

மூன்றாவது தடவை ஏற்றுக்கொண்டேன். ஆமாம், பேச்சு நின்றது. இரண்டு நண்பர்கள் விலகிவிட்டார்கள், அது இன்றும் வலிக்கிறது. ஒருவர் மட்டும் பள்ளி விட்டதும் வந்து, "சார், வாங்க, டீக்கடைக்கு" என்று பழையபடி கூப்பிட்டார். ஒன்றும் இழக்க மாட்டீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், தங்கை. போகிறவர்கள் போவார்கள். யார் நிற்பார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து நான் போட்டிருந்த கணக்கு முழுக்கத் தப்பு, அவ்வளவுதான்.

களத்துமேடு
நவம்பர் 6, காலை 5.50

தங்கச்சி, உன் அப்பா கதையைப் படித்தபிறகு நான் முதலில் சொன்னதைத் திரும்பப் பார்த்தேன். நான் இருபது மாடு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் போதும் என்றேன். நீ இன்னும் பார்க்கவே இல்லை. ஆனால் ஒரே அடியாக 300 கிலோ வேண்டாம், நான் அடிபட்டது அதில்தான். படிப்படியாகக் கேள்.

காவிரிக்கரை
நவம்பர் 21, 2025, இரவு 9.10

இரண்டு வாரம் இந்தப் பக்கம் வர முடியவில்லை, மன்னிக்கவும்.

6ஆம் தேதி மதியம் நானே கூப்பிட்டேன். டிசம்பர் வரை மாதம் 100 கிலோ, கை பழகியதும் தை மாதத்திலிருந்து 200, சித்திரைக்குள் 300 என்று கேட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா" என்றார். ஜிஎஸ்டி எண் கேட்டார், கணக்கர் சார் சொன்ன மாதிரியே. விண்ணப்பித்திருக்கிறேன். உத்யம் பதிவு ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பணம் 30 நாளில் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து இரண்டு அக்காக்கள் வருகிறார்கள். ஒருவர் கை என் கையைவிட வேகம், சுற்று இன்னும் கொஞ்சம் தளர்வாக இருக்கிறது, பழகிவிடும்.

தம்பியிடம் சொல்லிவிட்டேன், மேலாளர் சார் சொன்ன அதே வார்த்தையில். முகம் சுருங்கிவிட்டது. பத்து நாள் பேசவில்லை. நேற்று அவன் பெண்டாட்டி வந்து அரைக் கிலோ தேன்குழல் வாங்கிக்கொண்டு போனாள். அவன் அனுப்பினானா, அவளாக வந்தாளா, தெரியவில்லை.

பயம் போய்விட்டதா என்றால் இல்லை. ராத்திரி வயிறு பிசையத்தான் செய்கிறது. எதற்கு என்று இப்போது தெரிகிறது, அதனால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

முதல் 50 கிலோ இன்று காலை போனது. விடிகாலை நாலு மணிக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தோம். வாசலில் செருப்புச் சத்தம். அப்பா. உள்ளே வந்து, பழைய மூன்றாவது தறி நின்ற இடத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். ஒன்றும் பேசவில்லை. 200 கிராம் பொட்டலத்தை ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்து, பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். 250 பொட்டலத்தில் நாலு எடை குறைவு என்று தனியாக எடுத்து வைத்தார். வண்டி வந்து பெட்டி ஏறியபிறகுதான் கேட்டார்.

"அம்மிணி, யாருக்கும் கையெழுத்து கிய்யெழுத்து போட்டு வெச்சுடலையே?"

"இல்லீங்கப்பா" என்றேன்.

"செரி" என்றார். அந்த நாலு பொட்டலத்தையும் பிரித்து, குறைந்ததை நிரப்பச் சொன்னார்.

ஓய்வு மேலாளர்
நவம்பர் 21, இரவு 9.48

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் அம்மா. அந்த நாலு பொட்டலமும் அடுத்த வண்டியில் போகட்டும்.

ஓஎம்ஆர்வாசி
நவம்பர் 21, இரவு 10.20

அக்கா, சென்னைக்குக் கூரியரில் அனுப்புவீர்களா? கைமுறுக்கு ஒரு கிலோ, எள்ளடை அரைக் கிலோ. அப்புறம், என் கணக்கில் இப்போது 5,40,000 இருக்கிறது. ஃபிரிட்ஜ் பழசுதான், ஓடுகிறது.